வேலியோரக் குவியல்

இன்று மே ஒன்பது.
வெப்பமானி காலையில் பூஜ்யத்தைத் தொட்டது,
தொட்டதும் சுட்டுக்கொண்டதுபோல்
கீழே இறங்கிவிட்டது.
வானொலிக்காரர் மூன்று வாரமாக
"வசந்தம் தாமதம்" என்கிறார்,
ரோவானியமி ரயிலைச் சொல்லும் அதே குரலில்.
விறகுக் கொட்டகையில் கடைசி இரண்டு வரிசை.
சைக்கிளின் கைப்பிடி மட்டும் வெளியே தெரிகிறது,
புதைந்துபோன கடாவின் கொம்பு.

நான் டயர் மாற்றுகிறவள்.
ஆணி வைத்த குளிர்கால டயரைக் கழற்றச் சொல்லி
இன்னும் ஒருவரும் வரவில்லை.
கடையைப் பூட்டிவிட்டு வீட்டைச் சுற்றி வருகிறேன்,
அறிகுறி ஏதும் கிடைக்குமா என்று.

இரட்டைக் கண்ணாடி ஜன்னலின் நடுவே
அக்டோபரில் மல்லாந்த ஈ
நேற்று ஒரு காலை அசைத்தது.
காற்று என்று நினைத்தேன்.
அங்கே காற்றுக்கு வழியில்லை.
இன்று மதியத்துக்குள் புரண்டு எழுந்து
கண்ணாடியில் முட்ட ஆரம்பித்துவிட்டது,
யாரோ அதற்குப் பணம் தரவேண்டியிருப்பதுபோல்.

சௌனாக் குடிலின் தெற்குச் சுவரோரம்
ஒரு சாண் மண்.
ஏழு மாதத்துக்குப் பிறகு மண்,
கறுப்பாக, கூச்சமே இல்லாமல்.
குனிந்து முகர்ந்தேன்.
மணக்கிறது என்று சொல்ல முடியாது.
பூசணம், போன வருஷத்துப் பிர்ச் இலை,
யாரோ ஒருவருடைய நாயின் நவம்பர்.
அப்படியும் எழுந்துவர மனமில்லை.

அப்புறம் இந்தக் குவியல்.
கௌக்கோ தன் முற்றத்துப் பனியையெல்லாம்
டிராக்டரால் என் பக்கம் தள்ளினான்.
கேட்டேன்.
ஒன்று சொன்னான்.
நானும் ஒன்று சொன்னேன்.
அதோடு நின்றது பேச்சு.
பிறகு எங்கள் இருவருக்காகவும்
குவியல்தான் பேசிக்கொண்டிருந்தது:
ஜனவரியில் என் தோளுயரம்,
மார்ச்சில் சமையலறை ஜன்னலை அடைத்தது,
அவன் வீட்டில் விளக்கு எரிகிறதா
என்பதுகூடத் தெரியாமல் போயிற்று.

இப்போது இடுப்பளவுக்கு வந்துவிட்டது.
மேலே கரி, ஓரமெல்லாம் சல்லடை.
உள்ளே எங்கோ தண்ணீர் நடக்கிறது,
சுவருக்கு அப்பால் யாரோ
பாத்திரம் கழுவும் சத்தத்தோடு.
பார்த்துக்கொண்டே நின்றேனா,
ஒரு ரப்பர் பூட்ஸ்
மெல்லத் தன் குதிகாலைக் காட்டியது.
இடது கால். நாற்பத்தைந்தாம் எண்.
இழுத்தேன், வரவில்லை.
வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினேன்.
வந்தது.

ஆறு மாதத்துக்குப் பிறகு அவன் கதவு.
பூட்ஸைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
வாங்கிப் படியில் கவிழ்த்துத் தட்டினான்.
உள்ளேயிருந்து கண்ணாடிக் கால் ஒன்று வழுக்கி விழுந்து
உடையாமல் நின்றது, விரல் பகுதி வீட்டைப் பார்க்க.
"வலது காலைப் போன வாரம்தான் தூக்கிப் போட்டேன்"
என்றான்.
எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை.
"வெள்ளிக்கிழமை மறுபடி பனி விழுமாம்."
"விழட்டும்" என்றேன்.

திரும்பும் வழியில், சாக்கடை மேட்டில்,
சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு மஞ்சள்.
விதவை இலை என்று இதற்கு எங்கள் மொழியில் பெயர்.
பூ வரும்போது இலை இருக்காது,
இலை வரும்போது பூ போயிருக்கும்.
நான் விதவை இல்லை.
ஆர்வி தெற்கே போய்விட்டான், அவ்வளவுதான்.
பறிக்காமல் வந்தேன்.

வெள்ளிக்கிழமை விழத்தான் செய்தது,
மாவு சலித்த மாதிரி, மெல்லிசாக.
மஞ்சள் வாயை மூடிக்கொண்டது.
ஈ மட்டும் விடுவதாக இல்லை.
பத்து மணிக்கு மேல்
இன்னும் இருட்டாத தெருவில் ஒரு கார் போனது.
பனியில்லாத தார்மேல் அதன் ஆணிகள்
கறுக் கறுக்கென்று,
குழந்தை கற்கண்டு கடிப்பதுபோல்.
இந்தச் சத்தம் கேட்டால்
இன்னும் ஒரு வாரத்தில் எனக்கு வேலை வரும்.

சமையலறை ஜன்னல் முழுசாகத் திறந்திருக்கிறது.
கௌக்கோவின் படி தெரிகிறது.
அந்தக் கண்ணாடிக் கால்
கணுக்கால் அளவுக்கு மிச்சமாகி,
உள்ளே போகப் பார்த்ததா
வெளியே வந்துகொண்டிருந்ததா என்று
யாரும் சொல்ல முடியாதபடி
அங்கேயே நிற்கிறது.